தராசுக்காரரின் அழுகுணி ஆட்டம்

அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்ததும் மேசையைத் துடைத்துவிட்டு ஆட உட்கார்ந்துவிடுவார்கள். என்ன ஆட்டம் என்பது அன்றைக்கு யார் கை முந்துகிறது என்பதைப் பொறுத்தது. கேரம், சீட்டுக்கட்டு, பாம்பும் ஏணியும், லூடோ, டிவியில் கார்ப் பந்தயம், போனில் ஒருவர் படம் வரைய மற்றவர்கள் கண்டுபிடிக்கும் புது ஆட்டம் ஒன்று. பழசு புதுசு என்ற பேதமெல்லாம் அவர்களுக்குக் கிடையாது. எந்த ஆட்டமாக இருந்தாலும் அதில் ஏமாற்ற இடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மிகையாகச் சொல்லவில்லை. ஏமாற்றுவதுதான் அந்த வீட்டின் உண்மையான ஆட்டம். கேரமும் லூடோவும் அதற்கு ஒரு சாக்கு. பிடிபடாதவரை எது செய்தாலும் செல்லும். பிடித்தவர் மேசையில் ஓங்கித் தட்டி "அழுகுணி!" என்று கத்த வேண்டும். பிடிபட்டவர் இல்லவே இல்லை என்று சாதிக்க வேண்டும். பிறகு வழக்கு நடக்கும். சாட்சிகள் வருவார்கள், சத்தியம் செய்வார்கள், போன வருடத்துக் கணக்கெல்லாம் கிளறப்படும். கடைசியில் யார் ஜெயித்தார்கள் என்பதே பலருக்கு மறந்துபோயிருக்கும்.

இதில் யாரும் சளைத்தவர்கள் இல்லை. வீட்டுக்காரியின் அண்ணன் குழாய் வேலை செய்பவர். கேரம் காய் ஒன்று அவருடைய உள்ளங்கைக்குள் போனால் அது திரும்பி வருவது அவர் இஷ்டம். அண்ணனின் மனைவி பல் மருத்துவரிடம் உதவியாளர். "ஒண்ணும் வலிக்காது" என்று சொல்லிச் சொல்லியே பழகிய அந்த அப்பாவி முகத்தோடு சீட்டை மாற்றி வைப்பார். வீட்டுக்காரி துணிக்கு இஸ்திரிப் பெட்டி போட்டுக்கொண்டே நடுவராக இருப்பாள். ஒரு கப் காப்பி போட்டுத் தருபவர் பக்கம் தீர்ப்பு சாயும். இவர்கள் எல்லோருக்கும் மேலே வீட்டுக்காரியின் மகள். ஒல்லியாக, ஓயாமல் கீச்சுக்கீச்சென்று பேசிக்கொண்டே இருப்பதால் குருவி என்று பெயர் வந்துவிட்டது. ஏமாற்றுவதிலும் கெட்டிக்காரி, பிடிப்பதிலும் கெட்டிக்காரி. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

இப்படிப்பட்ட வீட்டுக்கு, வீட்டுக்காரியை இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டு மாப்பிள்ளையாக வந்தவர் யார் தெரியுமா? தராசு சோதிக்கிறவர்.

கடை கடையாகப் போய் எடைக் கருவிகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பது அவர் வேலை. மரப்பெட்டியில் வெல்வெட் துணிக்குள் வரிசையாக எடைக்கற்கள் வைத்திருப்பார். சின்னக் கற்களை விரலால் தொடவே மாட்டார். விரல் பிசுக்கு ஒட்டினால்கூட எடை மாறிவிடுமாம், இடுக்கியால்தான் எடுப்பார். அப்படியே வாழ்ந்து பழகிவிட்ட மனுஷன். கல்யாணமான புதிதில், மச்சான் கேரம் காயை முழங்கையால் தள்ளியதைப் பார்த்துத் திடுக்கிட்டு, "இது தப்பில்லையா?" என்று கேட்டுவிட்டார். மனைவி மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தாள்.

அதற்குப் பிறகு அவர் வாயைத் திறக்கவில்லை. ஒழுங்காக ஆடினார். ஒழுங்காகத் தோற்றார். எப்போதாவது ஒழுங்காக ஜெயித்தார். ஒருவரும் அவர் கையைக் கவனிப்பதே இல்லை. நேர்மையான ஆள் கையில் பார்க்க என்ன இருக்கிறது?

மற்றவர்கள் கவனிக்காததைப் பற்றி அவருக்கு ஒன்றுமில்லை. குருவி கவனிக்காததுதான் உறுத்தியது.

குருவியின் அப்பா அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே வீட்டை விட்டுப் போய்விட்டவர். இப்போது வேறு ஊரில் வேறு குடும்பத்தோடு சௌக்கியமாக இருக்கிறார். தராசுக்காரர் இந்த வீட்டுக்கு வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. இந்த ஒரு வருடத்தில் குருவி அவரிடம் ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை. "தேங்க்ஸ் அங்கிள்." "பரவாயில்ல அங்கிள்." "நீங்க முதல்ல ஆடுங்க அங்கிள்." வங்கியில் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள்கூட அவ்வளவு மரியாதையாகப் பேச மாட்டார்கள். அதே வாய் மாமனிடம், "மாமா, நீ திருடன், உன் சட்டைப் பையைக் காட்டு" என்று தொண்டை கிழியக் கத்தும். அம்மாவிடம் கதவை அடித்துச் சாத்தும். அத்தை மடியில் விழுந்து அழும்.

மாமனும் மருமகளும் மல்லுக்கட்டும்போது அவருக்குப் பொறாமையாக இருந்தது. ஆமாம், பொறாமைதான், வேறு நல்ல பெயர் அதற்குக் கிடையாது. தன்னோடு அவள் ஒரு சண்டை, ஒரே ஒரு சண்டை போட்டால் போதும் என்று இருந்தது.

இதை மனைவியிடம் சொன்னார்.

"அவ உங்ககிட்ட மரியாதையாத்தானே இருக்கா?" என்றாள் அவள்.

"அதான் கஷ்டமா இருக்கு."

"நல்ல கூத்து. வேணும்னா கூப்பிட்டு உங்களை நல்லா நாலு வார்த்தை திட்டச் சொல்லவா?"

"சிரிக்காதே. வீட்டுக்கு வந்த விருந்தாளிகிட்டதான் இப்படிப் பேசுவாங்க. அவளுக்கு நான் இன்னும் விருந்தாளி."

மனைவி சிரிப்பதை நிறுத்திவிட்டு அவர் தோளில் கை வைத்தாள்.

யோசித்து யோசித்து அவர் ஒரு முடிவுக்கு வந்தார். இந்த வீட்டில் ஏமாற்றுகிறவனோடுதான் சண்டை போடுகிறார்கள். அப்படியென்றால் ஏமாற்றிவிட வேண்டியதுதான்.

முடிவு எடுப்பது சுலபம், செய்வது எப்படி? அவருக்குத் தெரிந்த ஏமாற்றுக்காரர்கள் எல்லோரும் அவரே பிடித்தவர்கள். காய்கறிக் கடைக்காரர் ஒருவர் எடைத்தட்டுக்கு அடியில் காந்தத் துண்டு ஒட்டி ஒரு காலத்தில் மாட்டிக்கொண்டவர். அடுத்த முறை அந்தக் கடைக்குச் சோதிக்கப் போனபோது, வேலையை முடித்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஒரு விஷயம் கேக்கணும். ஏமாத்தும்போது முகத்தை எப்படி வெச்சுக்குவீங்க?"

கடைக்காரர் கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே போட்டுவிட்டார். "சார், அதெல்லாம் அன்னிக்கே விட்டாச்சு சார். பிள்ளைகள் மேல சத்தியம்."

"ஐயோ, அதுக்கில்ல. வீட்ல விளையாடறதுக்கு."

விஷயம் புரிய சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு தொழில் ரகசியம் சொல்கிறவருக்குரிய கம்பீரத்தோடு குரலைத் தாழ்த்தினார். "நம்ம கையை நாம பாக்கவே கூடாது சார். நாம பாத்தாத்தான் எதிராளியும் பாப்பான். வேற எதையாவது பேசிட்டே இருங்க. மழை வருமான்னு கேளுங்க."

அந்த ஞாயிறு சீட்டாட்டம். தராசுக்காரர் மழை வருமா என்று கேட்டுக்கொண்டே ஜோக்கர் சீட்டைத் தொடைக்கு அடியில் செருகினார். காதும் காதும் வைத்தாற்போல நடந்து முடிந்தது. இத்தனை வருடம் கண்டுபிடிக்கிற பக்கம் இருந்தவர் அல்லவா, எங்கே கண் போகும், எங்கே போகாது என்பது அத்துப்படி. ஜெயித்தும்விட்டார். "சூப்பர் அங்கிள்," என்றாள் குருவி. அவருக்கு அன்று இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. ஏமாற்றிய குற்ற உணர்ச்சி ஒரு பக்கம், பிடிபடாத வருத்தம் இன்னொரு பக்கம். இந்த இரண்டையும் ஒன்றாக அனுபவித்த மனுஷன் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

ரொம்பச் சுத்தமாகச் செய்துவிட்டோம், அதுதான் தப்பு என்று நினைத்துக்கொண்டார். அடுத்த வாரம் கார்ப் பந்தயம். டிவித் திரை இரண்டாகப் பிரிந்திருக்கும். ஒரு பாதியில் அவர் கார், மறுபாதியில் குருவியின் கார். திருப்பம் வரும்போதெல்லாம் முன்னால் சாய்ந்து அவளுடைய பாதியைத் தன் தலையால் மறைத்தார். மாமன் இதைச் செய்திருந்தால் ரிமோட் பறந்து வந்து மண்டையில் விழுந்திருக்கும். குருவி கழுத்தை அப்படியும் இப்படியும் நீட்டிப் பார்த்தாள், பள்ளத்தில் விழுந்தாள், "நல்லா ஓட்டினீங்க அங்கிள்," என்றாள்.

அதற்கடுத்த வாரம் பாம்பும் ஏணியும். இந்தத் தடவை ஒளிவு மறைவே இல்லை. பாம்பு வாயில் நிற்க வேண்டிய காயை எல்லோர் கண்முன்னாலும் ஒரு கட்டம் தாண்டி வைத்தார். மச்சான் பார்த்துவிட்டார். பார்த்தவர் வாயைத் திறந்து, மூடி, கூரையில் சுழலும் மின்விசிறியை ஆராயத் தொடங்கினார். "மாப்பிள்ளை இன்னைக்கு நல்ல ஃபார்ம்ல இருக்காரு," என்றார் கடைசியில். அத்தை அவசர அவசரமாக ஆமாம் போட்டார். மாப்பிள்ளை மனசு நோகக் கூடாதாம். அந்த அன்பைப் பார்த்து அவருக்கு எழுந்து போய்ச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

லூடோ ஆடிய மதியம் வந்தது. வெளியே வெயில் சாய்ந்து பால்கனியில் காயும் துணிகளின் நிழல் தரைக்கு வந்திருந்தது. மனைவி ஒரு மூலையில் பெட்டி போட்டுக்கொண்டிருந்தாள். குருவியின் சிவப்புக் காய்களில் மூன்று வீடு சேர்ந்துவிட்டன. நான்காவது காய் வீட்டு வாசலில் நின்றது. இன்னும் ஒரு உருட்டு, அவள் ஜெயித்துவிடுவாள். மாமனை அதற்குள்ளேயே கேலி செய்து பாட்டுப் பாடத் தொடங்கிவிட்டாள்.

தராசுக்காரர் உருட்டினார். மூன்று விழுந்தது. அவருடைய பச்சைக் காய்க்கும் அவளுடைய சிவப்புக் காய்க்கும் இடையே தூரம் நான்கு.

அவர் பச்சைக் காயை எடுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணி, மூன்றிலிருந்து கையை எடுக்காமல் இன்னொரு கட்டம் நகர்த்தி, சிவப்புக் காயை வெட்டி, அவள் கையிலேயே கொடுத்தார்.

குருவியின் வாய் திறந்தது. கை மேசையைத் தட்ட மேலே எழும்பியது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். எழும்பிய கை மெதுவாக இறங்கி, தலைமுடியை ஒதுக்கிவிட்டு, மடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

"பரவாயில்ல அங்கிள்," என்றாள். "நான் போய்த் துணி எடுத்துட்டு வரேன். நீங்கள்லாம் ஆடுங்க."

அவள் போன பிறகு மனைவி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அவர் எழுந்து பால்கனிக்குப் போனார்.

குருவி கொடியிலிருந்து துணிக் கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வாளியில் போட்டுக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் முகத்தைச் சிரித்த முகமாக மாற்றிக்கொண்டாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"குருவி, விழுந்தது மூணு. நான் வெச்சது நாலு."

"தெரியும் அங்கிள்."

"பாத்தியா?"

"ம்."

"பின்ன ஏன் கத்தல? உன் மாமா பண்ணியிருந்தா மேசையே உடைஞ்சிருக்கும்."

"பரவாயில்ல அங்கிள்."

"அதை மட்டும் சொல்லாதேம்மா. என்னை உங்க ஆட்டத்துல சேத்துக்க உனக்கு இஷ்டமில்லன்னா நேரா சொல்லிடு. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

நினைத்துக்கொள்ள மாட்டாராம். சொல்லும்போதே குரல் காட்டிக்கொடுத்துவிட்டது.

குருவி ஒரு கிளிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அப்பாவை நான்தான் அழுகுணின்னு சொன்னேன்."

அவருக்குப் புரியவில்லை.

"அன்னிக்கும் இதே மாதிரி விளையாடிட்டு இருந்தோம். அப்பா ஏமாத்துனாரு, நான் பிடிச்சேன். ரொம்பக் கத்திட்டேன். அவருக்குக் கோவம் வந்து போர்டைத் தள்ளிவிட்டுட்டு வெளிய போனாரு. அப்புறம் வரவே இல்ல." கிளிப்பை வாளியில் போட்டாள். "நீங்களும் போயிட்டீங்கன்னா அம்மா மறுபடியும் அழுவாங்க. எனக்கும் கஷ்டமா இருக்கும்."

தராசுக்காரர் ஒரு வருடமாக, தன்னை வெளியே நிறுத்துவதற்காகத்தான் அவள் இத்தனை மரியாதை காட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். இந்தப் பிள்ளையோ தன்னை உள்ளே வைத்துக்கொள்ள ஒவ்வொரு ஞாயிறும் வாயைக் கட்டிக்கொண்டு தோற்றிருக்கிறது. அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. அந்த அப்பன்மேல், முகம் தெரியாத அந்த மனுஷன்மேல், கையாலாகாத கோபமும் வந்தது.

வாளியை நகர்த்திவிட்டு அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"இங்க பாரு. ஒரு ஆள் வீட்டை விட்டுப் போறாருன்னா அதுக்குப் பெரிய பெரிய விஷயமெல்லாம் இருக்கும். அவருக்கும் அம்மாவுக்கும் நடுவுல இருக்கும். நீ சொன்ன வார்த்தைக்கு அவ்வளவு எடை கிடையாது."

"நெஜமாவா?"

"எடை விஷயத்துல நான் பொய் சொல்ல மாட்டேன்."

"லூடோவுல சொல்றீங்களே."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் உதட்டோரம் லேசாக நெளிந்தது. பிறகு அவரை ஓரக்கண்ணால் பார்த்து, "நான் உண்மையைச் சொன்னா கோவப்படுவீங்களா?" என்று கேட்டாள்.

எப்போதும் பொய் பேசாத அந்த மனுஷன் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னார். "கோவப்படுவேன். ஆனா போக மாட்டேன்."

குருவி துணியை அப்படியே கொடியில் விட்டுவிட்டு உள்ளே ஓடினாள். அவர் எழுந்து வருவதற்குள் மேசை அதிர்ந்தது. "அழுகுணி! அங்கிள் அழுகுணி! மூணு விழுந்துச்சு, நாலு வெச்சாரு!"

மச்சான் நாற்காலியிலிருந்து விழப்போனார். அத்தை வாயில் கை வைத்துக்கொண்டார். குருவி நிறுத்தவில்லை. அணை உடைந்த மாதிரி கொட்டினாள். சீட்டாடின அன்னிக்குத் தொடைக்குக் கீழே ஜோக்கர். பந்தயத்துல தலையை வெச்சு மறைச்சாரு. பாம்பைத் தாண்டிக் குதிச்சாரு, மாமா நீயும் பாத்தே, பாத்துட்டு ஃபேனைப் பாத்தே. ஒவ்வொரு தடவையும் மழை வருமான்னு கேப்பாரு, கேட்டா ஏதோ பண்ணப்போறாருன்னு அர்த்தம்!

தராசுக்காரர் பால்கனி வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சுத்தமான ஜோக்கரைக்கூட விடவில்லை. யாருமே கவனிக்கவில்லை என்று அவர் நினைத்த அத்தனை ஞாயிறும், இவள் வேறு யாரையும் அவ்வளவு கவனித்திருக்க மாட்டாள். மனசு நிறைந்துபோய் வந்து உட்கார்ந்தார். எல்லாவற்றையும் ஒத்துக்கொள்ளலாம் என்றுதான் உட்கார்ந்தார்.

"அப்புறம் போன மாசம் கேரம்ல, சிவப்புக் காயை முழங்கையால தள்ளினீங்க."

"அது நான் இல்ல."

"நீங்கதான்."

"குருவி, மத்ததெல்லாம் செஞ்சேன். அதைச் செய்யல."

"எல்லா அழுகுணியும் இப்படித்தான் சொல்லுவாங்க!"

"மாப்பிள்ளை, நானும் பாத்த மாதிரிதான் இருக்கு," என்றார் மச்சான், சந்தடி சாக்கில்.

"என்ன பாத்தீங்க? அன்னிக்கு என் முழங்கை மேசையிலேயே இல்ல! நான் செய்யலைங்கறேன்!"

குரல் அவரையும் மீறி உயர்ந்துவிட்டது. விளையாட்டுக் கோபம் இல்லை, நிஜக் கோபம். வாழ்க்கை முழுக்கச் சுத்தமாக இருந்தவர்மேல் செய்யாத குற்றத்தைச் சுமத்தினால் வேறு எப்படி வரும்? விருட்டென்று எழுந்தார். நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது. லூடோ அட்டை அவர் கை பட்டு நகர்ந்து காய்கள் சரிந்தன.

குருவியின் முகத்தில் ரத்தமே இல்லை. அவள் அவரைப் பார்க்கவில்லை, வாசல் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மனைவி பாதி மடித்த சட்டையைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

தராசுக்காரர் திரும்பி நடந்தார். கதவுப் பக்கம் போகாமல் சமையலறைக்குள் போனார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. டம்ளர் நிரம்பும் சத்தம், அவர் குடிக்கும் சத்தம், டம்ளரைக் கவிழ்த்து வைக்கும் சத்தம் எல்லாம் கூடத்தில் தெளிவாகக் கேட்டது.

திரும்பி வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சரிந்த காய்களைப் பொறுக்கி அதனதன் இடத்தில் வைத்தார். பச்சைக் காயை ஒரு கட்டம் பின்னால் வைத்தார். சிவப்புக் காயை வீட்டு வாசலில் வைத்தார். முகத்தில் கோபம் இன்னும் அப்படியே இருந்தது.

"எங்க விட்டோம்?" என்று கேட்டார்.

குருவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் இரண்டும் தளும்பின. புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க பொய் சொன்ன இடத்துல," என்றாள்.